யூதாஸுக்கு யார் முகம்?

சேலம்–உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில் கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் தியாகதுருகம். ஊருக்கு மேலே குன்று, குன்றுக்கு மேலே கோட்டை. பஸ்ஸில் போகிறவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிக்கூட அதைப் பார்ப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலோ இந்தக் குன்றுக்காகப் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூர்க்காரர் என்று மூன்று கட்சிகள் மியூசிக்கல் சேர் ஆடியிருக்கின்றன. பாட்டு நின்றபோது யார் உட்கார்ந்திருந்தார் என்பதைத்தான் நாம் சரித்திரம் என்று மனப்பாடம் செய்தோம்.

1760-ல் அந்த நாற்காலி பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் இருந்தது. பாண்டிச்சேரியை ஆங்கிலேயர்கள் வளைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆளும் போதவில்லை, சோறும் போதவில்லை. லாலி மைசூர் ஹைதர் அலியிடம் டீல் பேசினார். 'படை அனுப்புங்கள், சாப்பாட்டுக்கு மாடு அனுப்புங்கள், தியாகதுருகத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!' ஊர் ஜனங்களை ஒரு வார்த்தை கேட்டாரா என்கிறீர்களா? வீட்டை விற்கிறவன் சுவரில் இருக்கும் பல்லியிடம் கேட்டுக்கொண்டா விற்கிறான்?

படை வந்தது. வந்த வேகத்தில் திரும்பியும் போனது. ஹைதருக்குச் சொந்த ஊரிலேயே பதவி ஆட்டம் கண்டுவிட்டது, பாவம். 1761 ஜனவரி 16-ல் பாண்டிச்சேரி சரணடைந்தது. அடுத்த சில வாரங்களில் தியாகதுருகமும் ஆங்கிலேயர் கையில்.

மேற்கே கல்வராயன் மலை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. கீழே அடித்துக்கொண்ட மூன்று கட்சிகளும் காலப்போக்கில் மூட்டை கட்டிவிட்டன. மலைமேல் இருந்த ஜாகீர்தார்களோ, வெள்ளைக்காரன் போய்க் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனபிறகும், 1976 வரை ஜம்மென்று மலையாளிப் பழங்குடி ஜனங்களிடம் வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பீரங்கியே இல்லாமல்!

'இதில் யூதாஸ் எங்கே?' என்று நீங்கள் நெளிவது தெரிகிறது. இதோ வந்துவிட்டேன்.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் சர்ச் இருக்கிறது. 1680-ல் திறந்தது. ராபர்ட் கிளைவ் கல்யாணம் செய்துகொண்ட இடம். பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையை முரட்டுத்தனமாகக் கட்டியிருக்கிறார்கள். ஆண்டவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை கம்பெனிக்காரர்களுக்கு இருந்தது, ஆனால் சுண்ணாம்பும் செங்கல்லும் கூட இருந்தால் இன்னும் நல்லது என்பது அவர்கள் கட்சி. அது வீண்போகவில்லை. 1758 கடைசியில் இதே லாலி வந்து கோட்டையை முற்றுகை போட்டார். நகரம் அடி வாங்கியது, சர்ச் தப்பித்தது.

அந்த சர்ச்சின் பலிபீடத்துக்கு மேலே ஒரு பெரிய ஆயில் பெயின்டிங். இயேசுவும் சீடர்களும் அமர்ந்த கடைசி இராப்போஜனம். பாண்டிச்சேரி விழுந்தபோது அங்கிருந்து தூக்கி வந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அதாவது தியாகதுருகத்தைக் கைமாற்றிவிட்ட அதே யுத்தத்தின் இன்னொரு வரும்படி!

கோயிலில் அடித்த பொருளைக் கோயிலிலேயே மாட்டுவதா, களவு கூடாது என்று பத்துக் கட்டளையில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பாண்டிச்சேரிக் கத்தோலிக்கர் கணக்கில் அது ஏழாவது கட்டளை. கோட்டையில் இருந்த ஆங்கிலிக்கன்காரர் கணக்கில் எட்டாவது. செக்‌ஷன் நம்பரே ஒத்துப்போகாதபோது யார் மேல் எந்தக் கேஸைப் போடுவது?

வரைந்தவர் பெயர் படத்தில் இல்லை. ரஃபேலின் சீடர்கள் வரைந்ததாக ஒரு பேச்சு. நடுப்பகுதியை ரஃபேலே தொட்டார் என்று இன்னும் துணிச்சலான பேச்சும் உண்டு. கையெழுத்து இல்லாத படத்தில் இது ஒரு சௌகரியம், எவ்வளவு பெரிய பெயரைச் சொன்னாலும் மறுப்புக் கடிதம் வராது.

கோட்டைப் படம் சாதுவான படம். யாரையும் வம்புக்கு இழுக்காது. இதே காட்சியை வைத்து ஒரு ஊரையே வம்புக்கு இழுத்த ஆசாமி ஒருவர் இருக்கிறார். அவரைப் பார்க்கக் கல்கத்தா போகவேண்டும். போகும் வழியில் இத்தாலியில் இரண்டு நிமிஷம் இறங்கிக்கொள்வோம்.

இராப்போஜனம் வரைகிறவருக்கு ஒரே ஒரு தொழில் சிக்கல்தான். பதின்மூன்று முகம் வேண்டும். பன்னிரண்டுக்குப் பஞ்சமில்லை, பேதுருவாக நிற்க வாடா என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். பதின்மூன்றாவது ஆள் யூதாஸ். 'உங்கள் முகம் கச்சிதமாக இருக்கும், கொஞ்சம் உட்காருங்கள்' என்று எந்த சிநேகிதரிடம் போய்ச் சொல்வது?

லியனார்டோ டா வின்சியே இதில் மாட்டிக்கொண்டார். மிலானில் ஒரு மடத்துச் சாப்பாட்டு அறைச் சுவரில் அவர் வரைந்துகொண்டிருந்தபோது, மடத்துத் தலைவர் தினமும் வந்து 'எப்போ முடியும், எப்போ முடியும்' என்று நச்சரித்தாராம். கடைசியில் கோமகனிடமே பிராது. லியனார்டோ பதறவில்லை. 'யூதாஸுக்குத்தான் முகம் அகப்படவில்லை. ரொம்ப அவசரமென்றால் நம் மடத்துத் தலைவர் முகம் இருக்கவே இருக்கிறது' என்றாராம். வசாரி என்பவர் எழுதிவைத்த கதை. அதற்கப்புறம் தலைவர் தோட்ட வேலையைக் கவனிக்கப் போய்விட்டார்!

அந்த மடத்துக்காரர்கள் சும்மா விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1652-ல் அதே சுவரில் ஒரு வாசலைப் பெரிதாக இடித்தார்கள். உலகத்தின் தலைசிறந்த ஓவியத்தில் இயேசுவின் பாதங்கள் போயே போய்விட்டன. சமையலறையிலிருந்து சாப்பாடு சூடாக வரவேண்டாமா?

வெனிஸில் வெரோனீஸ் என்பவர் 1573-ல் இதே இராப்போஜனத்தை வரைந்தார். மனிதருக்குக் கை தாராளம். குள்ளர்கள், நாய், கிளியோடு ஒரு கோமாளி, குடிக்கிற ஜெர்மன் சிப்பாய்கள், மூக்கில் ரத்தம் வழியும் வேலைக்காரன் என்று ஒரு திருவிழாவையே நிரப்பிவிட்டார். மத விசாரணைக்காரர்கள் கூப்பிட்டு, 'மூன்று மாதத்தில் சொந்தச் செலவில் திருத்து' என்று தீர்ப்பளித்தார்கள். அவர் ஒரு நாயைக்கூட அழிக்கவில்லை. தலைப்பை மட்டும் 'லேவி வீட்டு விருந்து' என்று மாற்றினார். சென்சார் போர்டு திருப்தி!

இனி நம் ஹீரோ.

ஜோஹன் ஜோஃபனி. 1733-ல் ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் பிறந்தவர். லண்டனுக்குப் போய், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கும் ராணி சார்லட்டுக்கும் வேண்டிய ஓவியரானார். அப்படியே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

முதலில் கேப்டன் குக்கின் இரண்டாவது கடல் பயணத்தில் தொற்றிக்கொள்ளப் பார்த்தார். கூட்டிப் போக இருந்த ஜோசப் பேங்க்ஸ், தனக்கு வசதியாகக் கப்பலில் ஒரு மேல்தளம் கட்டச் சொன்னார். கட்டினார்கள். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடித்தார்கள். பேங்க்ஸ் கோபித்துக்கொண்டு இறங்கிவிட்டார், கூடவே ஜோஃபனியும். அந்த சீட்டில் வில்லியம் ஹாட்ஜஸ் என்ற இன்னொரு ஓவியர் ஏறிப்போனார். இந்தியாவுக்கும் ஜோஃபனிக்கு மூன்று வருஷம் முந்தியே அதே ஹாட்ஜஸ் வந்து இறங்கியிருந்தார். சிலருக்கு வாய்ப்பு இப்படித்தான், எங்கே போனாலும் துண்டு போட்டு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார்.

அடுத்து ராணி சார்லட் அவரை ஃப்ளாரன்ஸுக்கு அனுப்பினார். அங்கே உஃபிஸி அரண்மனையில் உலகப் புகழ்பெற்ற ஓவியங்கள் மாட்டிய ஓர் அறை. நேரில் போய்ப் பார்க்க முடியாத ராணிக்கு அதை அப்படியே வரைந்து வரவேண்டும், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் வரைந்து கொண்டுவந்தார். திரையை விலக்கினால், அறை முழுக்க ஊர் சுற்ற வந்த இங்கிலீஷ் கனவான்கள்! இருபது பேருக்கும் மேல், மூக்கும் முழியுமாக, அடையாளம் தெரியும்படி. ராணி காசு கொடுத்துத் தெருவில் போகிறவனையெல்லாம் வீட்டுக்குள் மாட்டவா? அந்தப்புரத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அரண்மனைச் சலுகையும் மெல்ல வற்றியது.

இதே காலத்தில், 1779-ல், அவர் தன்னையே ஒரு துறவி உடையில் வரைந்துகொண்டார். முகத்தில் ஞானம் சொட்டுகிறது. பின்னால் சுவரில் ஜெபமாலை தொங்குகிறது. பக்கத்தில் இன்னொன்றும் தொங்குகிறது, உற்றுப் பார்த்தால் ஆணுறை. இந்த மனிதரிடம்தான் பின்னால் ஒரு சர்ச் பலிபீடத்தை நம்பி ஒப்படைத்தது!

1783-ல் இந்தியா. எல்லாரும் வந்த காரணத்துக்குத்தான் அவரும் வந்தார், துட்டு. முதலில் மெட்ராஸ், பிறகு கல்கத்தா, பிறகு லக்னோ. வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆதரவு கிடைத்தது. லக்னோவில் நவாப் ஆசஃபுத்தௌலாவும் கர்னல் மார்டன்டும் நடத்திய சேவல் சண்டையை ஹேஸ்டிங்ஸுக்காக வரைந்தார். அதிலும் சேவல் இரண்டுதான், முகம் எத்தனை என்று எண்ண முடியாது. பழக்கம் விடுமா?

அப்போது கல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் சர்ச் எழும்பிக்கொண்டிருந்தது. நிலத்தைக் கொடுத்தவர் மகாராஜா நபகிருஷ்ண தேவ், ஓர் இந்து. கல் வந்தது கௌர் என்ற பாழடைந்த சுல்தான்கள் நகரத்திலிருந்து. பணம் திரட்டியது லாட்டரிச் சீட்டில்! இந்து நிலம், சுல்தான் கல், சூதாட்டப் பணம். இவை மூன்றும் சேர்ந்து 1787 ஜூன் 24-ல் ஆங்கிலிக்கன் தேவாலயமாகப் பிரதிஷ்டை ஆயிற்று. பலிபீடத்துக்கு ஜோஃபனி இலவசமாக ஒரு கடைசி இராப்போஜனம் வரைந்து கொடுத்தார். சர்ச்சுக்காரர்கள் நன்றிக் கடிதமும் கொடுத்தார்கள். தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்களே. இங்கே மாட்டின் பல் அல்ல, முகம்தான் பிரச்னை.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது கலிலேயா மீனவர்கள் அல்ல. கல்கத்தா பெரிய மனிதர்கள்.

இயேசுவாக உட்கார்ந்தவர் ஊரிலிருந்த கிரேக்கப் பாதிரியார் பார்த்தேனியோ. சரி, நல்ல தேர்வு. யாரும் ஆட்சேபிக்கவில்லை.

இயேசுவின் தோளோரம் பெண் சாயலில் சாய்ந்திருக்கும் அன்புச் சீடர் யோவான் யார் தெரியுமா? வில்லியம் பிளாக்கியர். பின்னாளில் கல்கத்தாவின் போலீஸ் மாஜிஸ்திரேட்! பெண் வேடம் போட்டுத் துப்புத் துலக்குவதில் கெட்டிக்காரர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. போதாதற்குக் காளிகா புராணத்தில் ரத்த பலி பற்றி வரும் அத்தியாயத்தை இங்கிலீஷில் மொழிபெயர்த்தவரும் இவரே. இயேசுவின் தோளில் சாய்ந்துகொண்டு காளிக்கு என்ன பலி உகந்தது என்று யோசித்த ஒரே சீடர் உலகத்தில் இவராகத்தான் இருப்பார்.

இனி யூதாஸ். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். வில்லியம் டல்லோ, ஏலக் கம்பெனி முதலாளி! கல்கத்தாவில் எவன் செத்தாலும், எவன் கடனில் மூழ்கினாலும், எவன் ஊரைக் காலி செய்தாலும், மேஜை நாற்காலி கட்டில் எல்லாம் இவர் சுத்தியல் அடியில்தான் விலைபோகும். முப்பது வெள்ளிக்காசு ஒரு தரம், முப்பது வெள்ளிக்காசு ரெண்டு தரம்... பொருத்தம் பாருங்கள்!

டல்லோவின் முகத்தை ஜோஃபனி ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதற்குப் பழைய பகை என்றுதான் பேச்சு. டல்லோ கொதித்துப்போய்க் கோர்ட்டு வரை போகக் கிளம்பினார் என்றும் சொல்வார்கள். அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல கோட்டு மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு சர்ச்சுக்கு வருகிறார். முழங்கால் போட்டுத் தலையைத் தூக்கினால் எதிரே அவரே, துரோகியாக! கூட முழங்கால் போட்டிருப்பது அத்தனையும் அவருடைய கஸ்டமர்கள். பாதிரியார் யூதாஸ் பற்றிப் பிரசங்கம் பண்ணும்போது சபை மொத்தமும் ஒரே பக்கம் திரும்பினால் மனிதர் எங்கே போவார்?

ஜோஃபனியின் குறும்பு முகத்தோடு நிற்கவில்லை. தட்டுமுட்டுச் சாமான்களும் உள்ளூர்ச் சரக்குதான். மூலையில் ஒரு தண்ணீர்ப் பை, வட இந்தியத் தெருவில் தண்ணீர் சுமக்கும் பிஸ்திகள் தோளில் மாட்டி வரும் ஆட்டுத்தோல் பை. தொங்குகிற வாள், கல்கத்தா பியூன் இடுப்பில் கட்டுகிற சாதாரண வாள். எல்லாவற்றுக்கும் மேலே, பெரியதொரு எச்சில் படிக்கம்! எருசலேம் மேல்மாடியில் அன்றைக்கு இராப்போஜனத்துக்குப் பிறகு வெற்றிலை பாக்கும் உண்டு என்பதை நான்கு சுவிசேஷக்காரர்களும் எழுத மறந்துவிட்டார்கள். ஜோஃபனி மறக்கவில்லை.

எனக்கு இதில் கோபம் வரவில்லை. புனிதர்கள் எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரர்களாகத்தானே இருந்திருப்பார்கள்! மீன் பிடித்தவன், வரி வசூலித்தவன், கணக்குப்பையை வைத்துக்கொண்டவன். கல்கத்தாவில் இருந்தவர்களும் அதே தொழில்காரர்கள். வரியும் கணக்குப்பையும் மட்டும் கொஞ்சம் பெரிசு.

1789-ல் ஜோஃபனி ஊர் திரும்பினார். வழியில் அந்தமான் பக்கம் கப்பல் உடைந்து, பசி தாங்காமல் சீட்டுக் குலுக்கிப்போட்டு, சீட்டு விழுந்த ஒரு மாலுமிப் பையனை அடித்துச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. லண்டன் ராயல் அகாடமி ஓவியர்களில் மனிதக் கறி தின்ற ஒரே ஆள் என்று இவரைச் சொல்கிற வழக்கமும் உண்டு. மனிதருக்கு லாட்டரி ராசி எப்படி பாருங்கள், ஒரு குலுக்கலில் சர்ச், இன்னொரு குலுக்கலில் சாப்பாடு!

திருந்தினாரா? லண்டன் பக்கத்தில் தேம்ஸ் கரையில் குடியேறி, அங்கே ஒரு சர்ச்சுக்கு இன்னொரு இராப்போஜனம் வரைந்தார். இந்தத் தடவை சீடர்கள் அக்கம்பக்கத்து மீனவர்கள் என்கிறார்கள். பேதுரு யார்? ஜோஃபனியேதான். சொர்க்கத்தின் சாவிக்கொத்தை வேறு யாரிடமாவது நம்பிக் கொடுப்பாரா?

அடுத்த நூற்றாண்டில் ஓவியர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அங்கி மாட்டுவதெல்லாம் ஏமாற்று வேலை, பைபிள் நடந்த இடத்துக்கே போய் வரையவேண்டும் என்று கிளம்பினார்கள். முதல் பெஞ்சு மாணவர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட். 1854-ல் பாலஸ்தீனம் போனார். லேவியராகமத்தில் ஜனங்களின் பாவத்தையெல்லாம் சுமத்தி வனாந்தரத்துக்கு விரட்டுவார்களே ஓர் ஆடு, அதுதான் அவருடைய சப்ஜெக்ட். ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு சாக்கடல் உப்பு மண்ணுக்கே போய், ஒரு கையில் தூரிகையும் ஒரு கையில் துப்பாக்கியுமாக உட்கார்ந்தார். கொள்ளைக்காரர் பயம். ஆட்டுக்கு எந்தக் கையில் தைரியம்? அது திரும்புகிற வழியிலேயே செத்துப்போயிற்று.

ஹன்ட் விடவில்லை. எருசலேமில் இன்னோர் ஆட்டைப் பிடித்து, சாக்கடல் உப்பையும் சேற்றையும் தட்டில் கொட்டி, அதன் மேல் நிற்கவைத்து மீதியை முடித்தார். கல்வராயன் மலையில் இப்படி யாராவது ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால், படத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ஆட்டுக்குக் காசை வை என்றிருப்பார்கள்.

1856-ல் லண்டனில் படத்தைக் கண்காட்சிக்கு வைத்தார். ஓவிய வியாபாரி கம்பார் ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு அதில் தெரிந்தது ஆடு மட்டும்தான். இத்தனை உயிரைப் பணயம் வைத்து, உண்மையான மண், உண்மையான உப்பு, உண்மையான ஆடு! எச்சில் படிக்கத்தோடு வரைந்த ஜோஃபனி படம் என்ன என்பது மட்டும் யாருக்கும் சந்தேகமில்லாமல் புரிந்தது. டல்லோவுக்கு மிக நன்றாகவே புரிந்தது.

கல்கத்தா ஈரக்காற்று கிட்டத்தட்ட இருநூறு வருஷம் அந்தப் படத்தைத் தின்றது. 2010-ல் இன்டாக் அமைப்பும் ஜெர்மன்காரர்களின் கோதே இன்ஸ்டிட்யூட்டும் சேர்ந்து அதைச் சுத்தம் பண்ணிப் புதுப்பித்தன. வில்லியம் டல்லோவின் முகம் மறுபடியும் பளிச்சென்று தெரிகிறது. மனிதர் இத்தனை வருஷம் அழுக்குக்குள் நிம்மதியாக இருந்தார், அதையும் கெடுத்துவிட்டார்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலம் பக்கமும் உளி பிடிக்கிறவர்கள் முகம் செதுக்குவதில் எமகாதகர்கள். அவர்களிடம் வேலை கொடுத்தால் பேசிய கூலியைப் பேசிய தேதியில் கொடுத்துவிடுங்கள். அசுரன் முகத்துக்கு அவர்களுக்கும் மாடல் தேவைப்படும்.